முந்நூறு ஓம்

கனடாவுக்குக் கிளம்பிய ஒருவர்
தாதர் பாலத்தின் மேல் நின்று
பாதி விலைக்குத் தந்த ஹெட்ஃபோன்.
அன்றிரவே லேப்டாப்பில் செருகினேன்.
பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் கேட்டது,
அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

முந்நூறு ஓம், ஆம்ப் இல்லாமல் எழும்பாது
என்று அவர் சொன்னது
பேரம் முடிந்த பிறகு.
"ஓமா? மந்திரமா?" என்றார் சேர்மக்கனி.
மந்திரமில்லை, மின்தடை.
குரல் வர வேண்டுமானால்
அதைத் தள்ளித் திறக்க ஓர் ஆள் வேண்டும்.

என் வேலை கேட்பது.
தமிழ் தெரியாத வக்கீல்கள் அனுப்பும் ஒலிப்பதிவுகளை
எழுத்தாக்கித் தருவேன்,
நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்று.
ஆன்டாப் ஹில் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு
வியர்வையோடு உட்கார்ந்து
கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று போடுவேன்.
தோல் பட்டறைத் தீயில் கணவனை இழந்தவளின்
நாற்பது நிமிட வாக்குமூலத்தில்
பதினான்கு 'தெளிவில்லை'.
வக்கீல் திருப்பி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை, லாமிங்டன் ரோடு.
முதல் கடையில் வாட் கணக்கு சொன்னார்கள்,
ஸ்கூட்டருக்கு மைலேஜ் சொல்வதுபோல்.
அடுத்ததில் வால்வு வைத்த பெட்டி.
உள்ளே ஆரஞ்சு வெளிச்சம்.
கேட்க இதமாக இருக்கும் என்றார்.
எனக்கு இதம் வேண்டாம்.
அவள் பேச்சு இதமாகக் கேட்கக் கூடாது.

மூன்றாவது கடை மாடிப்படிக்கு அடியில்.
ஹேதல் என்கிற பெண்
வடா பாவ் தின்ற விரலைத் துடைத்துக்கொண்டு
என்ன கேட்பீர்கள் என்றாள்.
சாட்சி, என்றேன்.
சிரிக்கவில்லை.
மூன்று பெட்டிகளை எடுத்து வைத்து
விலைச்சீட்டுகளைக் கைக்குட்டையால் மூடினாள்.
பாட்டு எதுவும் போடவில்லை.
சும்மா இருக்கும்போது இது என்ன பேசுகிறது,
முதலில் அதைக் கேளுங்கள்.

ஒன்று இரைந்தது,
தாளிக்கும் முன் எண்ணெய் காய்வதுபோல்.
இன்னொன்றில் குமிழை இம்மி திருப்பினால்
இடது காது முதலில் விழித்தது,
வலது காது சோம்பல் முறித்துப் பிறகு வந்தது.
மற்றது
இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கைக்குட்டையை எடுத்தாள்.
இரைந்ததுதான் முப்பத்திரண்டாயிரம்.
சத்தமே போடாதது பதினோராயிரம்.
என் பையில் ஏழாயிரத்து இருநூறு.
சேர்மக்கனிக்கு போன் செய்தேன்.
காஸ் சிலிண்டர், சீட்டுப் பணம் என்று
இரண்டு நிமிடம் பேசிவிட்டு
மீதியை ஜிபே செய்தார்.
தடித்த பின்னுக்கு மாற்றியை
ஹேதல் சும்மா தந்தாள்.

வீட்டில் ஒரே ரீங்காரம்.
ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.
லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது.
இதை எந்தக் கடையிலும் சொல்லவில்லை.

பதினொன்றரை மணி. ஃபேன் நின்றது.
கெயின் பொத்தானை மேலே தள்ளினேன்.
இப்போதுதான் அந்த அறைக்குச் சுவர்கள் வந்தன.
வக்கீல் பேனா மூடியைக் கழற்றுகிறார்.
அவள் வளையல் மேசையில் உரசுகிறது,
உடனே கையை எடுத்துக்கொள்கிறாள்.
நான்காம் நிமிடம்:
'அது என் கையெழுத்து இல்லை.'
ஒன்பதாம் நிமிடம்:
'பூட்டு வெளியில போட்டிருந்துச்சு.'
இதையா நான் தெளிவில்லை என்று எழுதினேன்.

பதின்மூன்று கிடைத்துவிட்டன.
இருபத்தாறாம் நிமிடத்தில் ஒன்று பாக்கி.
அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
குமிழைத் திருப்பினேன்.
இன்னும்.
கடைசிவரை.
ஆம்ப் இரையவில்லை.
ஒரு மூச்சு உள்ளே போனது.
வெளியே வரப் பதினொரு நொடி.

அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

'தெளிவில்லை'யை அழித்தேன்.
'பதில் இல்லை' என்று தட்டினேன்.
அதையும் அழித்தேன்.
'பதினொரு நொடி' என்று மட்டும் எழுதி
கோப்பை அனுப்பினேன்.

பிறகுதான் ஃபேனைப் போட்டேன்.